சிவப்புக் கழுகும் சாமான் கணக்கும்

எங்கள் சின்னத் தாத்தா எந்த விசேஷத்துக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சாமான் வந்துச்சா?" மாப்பிள்ளை வந்தாரா, ஐயர் வந்தாரா என்று கேட்க மாட்டார். அண்டா எத்தனை, கரண்டி எத்தனை, விறகு எத்தனை தூக்கு என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பந்தலில் உட்காருவார். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். மற்றவர்கள் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவார்கள். இவர் ஸ்டோரைப் பற்றிப் பேசுவார்.

அவர் சொன்ன கதைகளில் அடிக்கடி 'கசினோ' என்று ஒரு பெயர் வரும். "கசினோவுல பனி, குளிரு, பசி, எல்லாம்டா." மெட்ராஸ் போனபோது மவுண்ட் ரோட்டுப் பக்கம் காசினோ தியேட்டரைப் பார்த்துவிட்டு, தாத்தா இதற்குள்தான் சண்டை போட்டார் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இத்தாலியில் மான்டே கசினோ என்று ஒரு மலை இருக்கிறது, அதன் உச்சியில் ஒரு மடம் இருக்கிறது என்று தெரிந்தது கல்லூரிக் காலத்தில்தான்.

அவர் இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில். பெங்களூர் அல்சூர் ஏரிக் கரையில் இன்றும் இருக்கிற அந்தப் படையின் ஆட்களுக்கு ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் பெயர். 1942-இல் பாலைவனத்தில் போய்ச் சேர்ந்தது முதல், இரண்டாம் உலகப் போர் முடியும்வரை தோளில் ஒரு துணிச் சின்னம் தைத்திருந்தார்: கறுப்புச் சதுரத்தில் இறக்கை விரித்த சிவப்புக் கழுகு. அது 4ஆம் இந்திய டிவிஷனின் சின்னம். நான் அதைக் கருடன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

டிவிஷன் என்றால் என்ன என்று கேட்டேன் ஒருமுறை. கையில் இருந்த வெற்றிலைப் பெட்டியைக் காட்டினார். "பெட்டி அப்படியேதான் இருக்கும். வெத்தலை தினம் மாறும்." அப்போது புரியவில்லை. பிறகு இந்த டிவிஷனைப் பற்றித் தேடித் தேடிப் படித்தபோது, அதைவிடச் சரியாகச் சொன்னவர் யாரையும் பார்க்கவில்லை.

காகிதத்தில் டிவிஷன் என்பது 15,000 பேருக்கு மேல். மூன்று பிரிகேட், ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாலியன், கூடவே பீரங்கி, பொறியாளர்கள், சிக்னல், ஆஸ்பத்திரி, லாரிகள். 4ஆம் டிவிஷனுக்கு 5, 7, 11 என்று மூன்று பிரிகேட். 1939-இல் எகிப்தில் கூடியது. தாத்தா மாதிரி ஆட்கள் இருந்தது 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனி என்ற சின்னக் குழுவில். பாலத்துக்கான இரும்பு, மரம், கண்ணிவெடி, முள்கம்பி, பட்டறை எல்லாம் அவர்கள் பொறுப்பு. டிவிஷனின் கொல்லைப்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1940 டிசம்பர் 9-ஆம் தேதி விடியற்காலை எகிப்தின் நிபெய்வா முகாமில் இத்தாலியர்களைப் பின்பக்கமாகப் போய் டாங்கிகளோடு அடித்ததில்தான் டிவிஷனின் பெயர் வெளியே தெரிந்தது. வெற்றியை முழுசாக அனுபவிக்க விடாமல் சில நாளிலேயே சூடானுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து எரித்திரியா. அங்கே கேரன் என்ற ஊருக்குப் போகிற ஒரே சாலை ஒரு மலை இடுக்கு வழியாகப் போகிறது. இத்தாலியர்கள் இரண்டு பக்கப் பாறையையும் வெடிவைத்துச் சாலைமேல் தள்ளி அடைத்துவிட்டு மேலே உட்கார்ந்துகொண்டார்கள். ஏழு வாரத்துக்கு மேல் நடந்தது அந்தச் சண்டை. ராஜ்புதானா ரைபிள்ஸின் சுபேதார் ரிச்பால் ராம் அங்கே செத்து, பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினார். மொட்டை மலையில் தண்ணீர் கிடையாது. சுட வேண்டிய சிப்பாய்களில் ஒரு பகுதியினர் தண்ணீரையும் குண்டையும் தலையில் சுமந்து ஏற வேண்டியிருந்தது. 1941 மார்ச் 27 அன்று கேரன் விழுந்தது.

இனி 1942. இந்த வருஷத்தைப் பெரும்பாலும் யாரும் விரிவாகச் சொல்வதில்லை, தோற்ற வருஷம் என்பதால். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஜெர்மானியத் தளபதி ரோம்மல் திருப்பி அடித்த அந்த ஆண்டில் 4ஆம் டிவிஷனைப் பிய்த்துப் பிய்த்து அனுப்பினார்கள். 7ஆம் பிரிகேட் லிபியாவின் பெங்காசியில் சூழப்பட்டு, எதிரியின் வரிசைகளுக்கு நடுவே பாலைவனத்தில் புகுந்து தப்பித்தது. பிறகு அதை சைப்ரஸுக்கு அனுப்பினார்கள். 11ஆம் பிரிகேட் தொப்ரூக் கோட்டைக்குள் போய் மாட்டியது. ஜூன் 21 அன்று தொப்ரூக் சரணடைந்தபோது மராட்டா, கூர்க்கா, ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று அந்த பிரிகேட் முழுசாகக் காணாமல் போனது. டிவிஷன் தளபதி ஃபிரான்சிஸ் டுகர் இப்படிப் பிரிக்காதீர்கள் என்று கத்திக்கொண்டே இருந்தார். பெயர் இருந்தது, சின்னம் இருந்தது, டிவிஷன் இல்லை.

அடுத்த வருஷம் அதே டுகர், டிவிஷனை ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்று காட்டினார். துனிசியாவின் வாடி அகாரிட்டில் 1943 ஏப்ரல் 5 இரவு, பீரங்கி முழக்கம் இல்லாமல், சத்தமில்லாமல் கூர்க்காக்கள் மலைமேல் ஏறினார்கள். சுபேதார் லால்பகதூர் தாபா ஒடுக்கமான பாறை இடுக்கில் குக்ரிக் கத்தியோடு ஏறிப்போய் வழியைத் திறந்தார். மே மாதம் ஜெர்மானியத் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைய வந்து நின்றது இந்த டிவிஷன் ஆட்களின் முன்னால்தான். தாத்தா அவரைப் பார்த்ததாகச் சொல்வார். நான் முழுசாக நம்பியதில்லை.

அப்புறம் கசினோ.

1944 பிப்ரவரியில் அந்த மடத்தைப் பிடிக்கும் வேலை இவர்கள் தலையில் விழுந்தது. டுகர் உடம்பு சரியில்லாமல் இருந்தார். மடத்தின் சுவர் எவ்வளவு கனம் என்று மேலிடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரே நேப்பிள்ஸ் போய்ப் புத்தகக் கடைகளில் தேடி, 1879-இல் அச்சான ஒரு பழைய புத்தகத்தில் விவரத்தைக் கண்டுபிடித்தார். அடிச்சுவர் பத்து அடிக்குக் குறையாது. மேப்பும் விமானமும் வைத்திருந்த சேனைக்குப் பழைய புத்தகக் கடைதான் உளவுத்துறை. பிப்ரவரி 15 அன்று மடத்தைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கினார்கள். இடிபாடு ஜெர்மானியர்களுக்கு முன்பைவிட நல்ல மறைவிடமாகப் போனது.

மார்ச்சில் இன்னொரு முயற்சி. 9ஆம் கூர்க்கா ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன், 1/9 கூர்க்கா, மடத்துக்குக் கொஞ்சம் கீழே 'ஹேங்மேன்ஸ் ஹில்' என்று பெயர் வைக்கப்பட்ட முகட்டைப் பிடித்துவிட்டது. மேலே போகவும் வழியில்லை, கீழே இறங்கவும் வழியில்லை. ஒன்பது நாள் அங்கேயே கிடந்தார்கள். விமானத்தில் இருந்து பாராசூட்டில் சாப்பாடும் தண்ணீரும் போட்டார்கள். சரிவான மலை அது, பாதிக்கு மேல் உருண்டு எதிரி பக்கம் போனது. தாத்தா மூட்டை கட்டியவர்களில் ஒருவர். "நாங்க கட்டினது ஜெர்மன்காரன் தின்னான்" என்பார். சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டார். இந்த 1/9 கூர்க்காவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்கள்.

அந்தப் பிப்ரவரி 24 அன்றுதான் மின்யானோ என்ற இடத்தில் சுபேதார் சுப்ரமணியன் இறந்தார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், அதே 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனி. கண்ணி அகற்றப் போன சிறு குழுவில் ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். எஸ்-மைன் என்ற அந்த ஜெர்மன் கண்ணியை மிதித்தால் உடனே வெடிக்காது. கிட்டத்தட்ட நான்கு நொடி கழித்துத் துள்ளி, இடுப்பு உயரத்துக்கு வந்து வெடிக்கும். குனிந்து ஓடினால் ஒருவர் தப்பலாம், சுற்றி இருப்பவர்கள் தப்ப முடியாது. சுப்ரமணியன் ஓடவில்லை, கண்ணியின்மேல் விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது கொடுத்தார்கள். தாத்தா அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'அவரு' என்று மரியாதை போடுவார். தளபதிகளுக்கெல்லாம் 'அவன்'தான்.

போர் முடிந்தபோது இந்த டிவிஷன் பிடித்த கைதிகள் சுமார் 1,50,000. செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லாம் சேர்த்து இழப்பு 25,000, அதாவது காகிதத்தில் இருக்கும் டிவிஷனைவிட அதிகம். நான்கு விக்டோரியா கிராஸ். பிரிட்டிஷ் தளபதி வேவல் இதை ரோமானியரின் பத்தாம் லீஜியனோடும் நெப்போலியனின் பழைய காவல் படையோடும் ஒப்பிட்டு எழுதினார்.

1947-இல் வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் பிரித்தார்கள். 16ஆம் பஞ்சாப் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்கு. லால்பகதூர் தாபாவின் 2ஆம் கூர்க்கா பிரிட்டனுக்கு. ராஜ்புதானா ரைபிள்ஸும் 9ஆம் கூர்க்காவும் இந்தியாவுக்கு. ஒரே மலையில் ஒரே குடத்தில் தண்ணீர் குடித்தவர்கள் மூன்று நாட்டுச் சிப்பாய்கள் ஆனார்கள். அதே ஆகஸ்டில் பஞ்சாப் எல்லைப் படை என்று ஒன்றை அமைத்து, பிரிவினைக் கலவரத்தை அடக்கும் வேலையை இந்த டிவிஷனை நடுவில் வைத்துத்தான் கொடுத்தார்கள். தளபதி ரீஸ். அடக்க முடியவில்லை. அந்த எல்லைப் படை ஒரு மாதத்தில் கலைந்தது. டிவிஷன் திம்மய்யா கைக்கு வந்தது.

பெயரும் சின்னமும் எண்களும் இந்தியாவிடம் தங்கின. 1950களில் அம்பாலாவில் டிவிஷன். தளபதி பி.எம்.கவுல். சிப்பாய்களுக்குக் குடியிருப்பு இல்லை என்று சிப்பாய்களை வைத்தே வீடு கட்டினார், 'அமர்' என்று பெயரிட்டு. நல்ல காரியம்தான், நேருவுக்கும் பிடித்திருந்தது. செங்கல் சுமந்த நாளில் பயிற்சி நடக்காது என்பதைச் சொன்னவர்களை யாரும் கேட்கவில்லை. 1959 கடைசியில், சமவெளியில் லாரியில் போகப் பழகிய இந்த டிவிஷனை அப்படியே தூக்கி, சாலையே இல்லாத வடகிழக்கு எல்லைக்கு அனுப்பினார்கள். 11ஆம் பிரிகேடை நாகாலாந்துக்குப் பிரித்துக்கொண்டார்கள். 5ஆம் பிரிகேட் மற்ற எல்லை முழுக்கச் சிதறியது. தவாங் பக்கத்துக்கு மிஞ்சியது 7ஆம் பிரிகேட் ஒன்று. 1942 நினைவுக்கு வருகிறதா?

1962 செப்டம்பரில் அந்த பிரிகேடை நம்கா சூ என்ற ஆற்றங்கரைக்கு இறங்கச் சொன்னார்கள். எதிரே தக்லா முகடு, அதன்மேல் சீனர்கள். பிரிகேடியர் ஜான் தல்வியின் ஆட்களில் பலருக்குப் பருத்திச் சட்டை, ஒரு கம்பளி, ஆளுக்கு 50 தோட்டா. மேலே த்சாங்தர் என்ற இடத்தில் விமானத்தில் இருந்து சாமான் போட்டார்கள். பாதிக்கு மேல் பள்ளத்தாக்கில் உருண்டு போனது. அந்தக் குளிரில், அந்தச் சரிவில், மேலே இருந்து விழும் மூட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்த பட்டாலியன்களில் ஒன்று 1/9 கூர்க்கா. அதே பட்டாலியன்தான். பதினெட்டு வருஷத்தில் ஒரு மாற்றமும் இல்லை, மலையின் பெயரைத் தவிர. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

அக்டோபர் 20 விடியற்காலை சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. 2 ராஜ்புத் பட்டாலியனில் மட்டும் ஏறக்குறைய 280 பேர் செத்தார்கள். தல்வி இரண்டு நாளில் பிடிபட்டார். 4 கிரெனேடியர்ஸ் என்ற பட்டாலியன் நடந்தே பூட்டானுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு சேலா கணவாயில் நின்ற '4ஆம் டிவிஷன்' எது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. 62, 48, 65 என்று எங்கிருந்தோ அவசரமாகக் கொண்டுவந்த பிரிகேடுகள். தளபதியும் புதுசு. ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. டெல்லியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் அது கேரனையும் கசினோவையும் பார்த்த சிவப்புக் கழுகு. நவம்பர் 18 அன்று சேலா கைவிட்டுப் போனது, திராங் ஜோங்கில் இருந்த டிவிஷன் தலைமையகம் ஓடியது, பொம்டிலா விழுந்தது. நூரானாங்கில் 4 கார்வால் மட்டும் கடைசிவரை ஒழுங்காக நின்று அடித்தது, அதையும் சொல்ல வேண்டும்.

அப்போது தாத்தா ரிட்டையர் ஆகி ஊரில் இருந்தார். பஞ்சாயத்து ரேடியோவில் பொம்டிலா போச்சு என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிற தெலுங்குப் பழமொழியைச் சொன்னாராம்: "பேரு பெத்த பேரு, தாக நீலு லேது." பேர் பெரிய பேர், குடிக்கத் தண்ணீர் இல்லை. பெரியம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

தோற்ற டிவிஷனைக் கலைத்துவிடுவது பல நாட்டு வழக்கம். இந்தியா கலைக்கவில்லை. மலை டிவிஷன் என்று மாற்றியமைத்து, 1965-இல் பஞ்சாப் சமவெளியில் கேம்கரன் பக்கம் பாகிஸ்தானுக்கு எதிரே நிறுத்தியது! மலைக்குப் போகச் சமவெளி டிவிஷன், சமவெளிக்கு மலை டிவிஷன். யார் திட்டமோ. செப்டம்பர் 6 அன்று முன்னேறிய முதல் தாக்குதல் ஒரே நாளில் படுத்துவிட்டது, சில பட்டாலியன்கள் கலைந்தன. இன்னொரு பொம்டிலாதான் என்று பலர் நினைத்திருப்பார்கள். தளபதி குர்பக்ஷ் சிங் மிச்சத்தை இழுத்துக்கொண்டு வந்து அசல் உத்தர் என்ற கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாட வடிவத்தில் உட்கார்ந்தார். கூட தியோகராஜின் கவசப் பிரிகேட். இரவோடு இரவாகக் கண்ணி புதைத்தார்கள். கால்வாயை உடைத்துக் கரும்புத் தோட்டங்களில் தண்ணீரை விட்டார்கள். அமெரிக்கா பாகிஸ்தானுக்குக் கொடுத்த பட்டன் டாங்கிகள் சேற்றில் இறங்கின. கரும்புக்கு நடுவில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அவை பெரிய இலக்கு. மூன்று நாளில் 97 டாங்கி என்பது இந்தியக் கணக்கு. பிடித்தவற்றை பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தி, இடத்துக்குப் 'பட்டன் நகர்' என்றே பெயர் வைத்தார்கள்.

அங்கே நின்றவர்களில் 4 கிரெனேடியர்ஸ் இருந்தார்கள், பூட்டான் வழியாக நடந்து வந்த அதே பட்டாலியன். 1/9 கூர்க்காவும் இருந்தார்கள். கிரெனேடியர்ஸில் ஒருவர் அப்துல் ஹமீது. சீமா கிராமத்துப் பக்கம் ஜீப்பில் ஏற்றிய 106 மில்லிமீட்டர் துப்பாக்கியோடு கரும்புக்குள் மறைந்து நின்று, கிட்டே வரவிட்டு டாங்கியை அடிப்பார், உடனே ஜீப்பை வேறு இடத்துக்கு மாற்றுவார். அடித்தவுடன் பின்னால் கிளம்பும் புழுதி இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான். செப்டம்பர் 10 அன்று ஒரு டாங்கியும் அவரும் ஒருவரையொருவர் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டார்கள். பரம்வீர் சக்ரா கிடைத்தது.

பள்ளிப் பாடத்தில் அவரைப் பற்றி வந்தபோது சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். 'கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார்' என்று ஒரு வரி. தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன படிச்ச? திரும்பப் படி."

படித்தேன்.

"அது என்ன வேலைன்னு தெரியுமாடா உனக்கு? ஸ்டோரு! சாமான்காரன்டா அவன்!"

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு என்னைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்.

1971-இல் டிவிஷன் கிழக்கு வங்கத்தில் ஜெனிதாவைப் பிடித்தது, குஷ்டியாவில் டாங்கிகளை இழந்து சூடுபட்டது, டிசம்பர் 16 அன்று ஃபரித்பூரில் எதிர்த்தரப்பு டிவிஷனைச் சரணடைய வைத்தது. இதை வேகமாகக் கடக்கிறேன். அடுத்ததை வேகமாகக் கடக்கக் கூடாது, ஆனால் விரிவாக எழுதக் கை வரவில்லை. 1980களின் கடைசியில் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இந்த டிவிஷனின் பிரிவுகளும் இருந்தன. எனக்கு இது தெரிந்தது முப்பது வயதுக்கு மேல். நான் கன்னத்தில் போட்டுக்கொண்ட அந்தக் கழுகை அங்கே ஒரு தமிழ்க் குழந்தை எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தாத்தா 1986-இலேயே போய்விட்டார். அவரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பது ஒரு நிம்மதி. நியாயமான நிம்மதியா என்று தெரியாது.

இப்போது 4ஆம் காலாட்படை டிவிஷன் பிரயாக்ராஜில், கங்கைக் கரை ஊரில் இருக்கிறது. வாசல் பலகையில் அதே கழுகு. நிபெய்வாவில் இறங்கியவர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அது அதே டிவிஷன்தானா என்றால், ஆமாம் என்றும் சொல்லலாம். பெட்டி அதுதான். ஆனால் பெட்டியை நம்பி மலைக்கு அனுப்பியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாத்தாவின் தகரப் பெட்டி போன வருஷம் பங்கு பிரித்தபோது என்னிடம் வந்தது. மூடியின் உள்பக்கம் கோந்து போட்டு ஒட்டிய ஒரு காகிதம், அவர் கையெழுத்தில்: மெஸ் டின் 1, வாட்டர் பாட்டில் 1, கம்பளி 2, பூட்ஸ் 1 ஜோடி, குல்லா 1, கழுகு 1. ஸ்டோர்காரர் அல்லவா, ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தது. கம்பளி மட்டும் ஒன்றுதான் இருந்தது. பட்டியலைத் திரும்பப் பார்த்தேன். 2 என்பதைச் சிவப்பு மையால் அடித்து 1 என்று திருத்தியிருந்தார். பக்கத்தில், பொடி எழுத்தில், 'தாலுகா ஆபீஸ், ஜவான்களுக்கு', தேதி 26-11-62. சண்டை நின்று ஐந்து நாள் ஆகியிருந்தது.